வலை கொஞ்சம், கயிறு அதிகம்

1977 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த ஸ்பைடர்மேன் படத்தின் கதை. நியூயார்க்கில் மருத்துவர், வக்கீல் என்று நாலு பேர் மதிக்கும் ஆட்கள் திடீரென்று வங்கிக்குள் புகுந்து கொள்ளையடிக்கிறார்கள். பின்னால் இருந்து ஆட்டுவிப்பவர் எட்வர்ட் பைரன் என்ற சுயமுன்னேற்ற குரு. அவர் தரும் பின்னைச் சட்டையில் குத்திக்கொண்டவர்கள் அவர் சொன்னதையெல்லாம் செய்வார்கள். 5 கோடி டாலர் தராவிட்டால் பத்துப் பேரைத் தற்கொலை செய்துகொள்ள வைப்பேன் என்று நகரத்தையே மிரட்டுகிறார். அந்தப் பத்தில் ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் ஒருவர். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சிக்குப் போய்க் குதிக்கத் தயாராகிறார். சட்டைப் பின் அங்கிருக்கும் வேலியில் மாட்டிக் கழன்று விழுகிறது. பிழைத்துக்கொள்கிறார்.

ஆக, படத்தின் உச்சத்தில் நாயகனைக் காப்பாற்றுவது வேலி.

*

அந்தப் படம் நன்றாக ஓடியது, நிறையப் பேர் பார்த்தார்கள். அதனால்தான் தொடருக்கு அனுமதி கிடைத்தது. 1978 ஏப்ரலில் தொடங்கி 1979 ஜூலை வரை விட்டு விட்டு 13 பகுதிகள். முதல் தவணையில் ஐந்து, பிறகு அங்கொன்றும் இங்கொன்றுமாக எட்டு. எந்த வாரம் வரும் என்று ரசிகனுக்கே தெரியாத அளவுக்கு அதை அட்டவணையில் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள்.

இன்று அதைப் பார்க்க வேண்டுமென்றால் பழைய நாடாவில் யாரோ பதிந்து வைத்து, அதிலிருந்து இன்னொருவர் ஏற்றிய பிரதிதான் கதி. நிறம் கலங்கி, ஓரம் நடுங்கி. இந்தத் தொடருக்கு அது ஒருவகையில் உதவி. கயிறு அவ்வளவாகத் தெரிவதில்லை.

*

உடை. தூரத்தில் பார்த்தால் சரியாகவே இருக்கிறது. சிவப்பும் நீலமும் காமிக்ஸில் உள்ளதுதான். பக்கத்தில் வந்தால் கண்கள் வெள்ளித் தகடு போல மின்னுகின்றன. இடுப்பில் வெளியே தெரியும்படி ஒரு பெல்ட். வலது மணிக்கட்டில் மட்டும், கையுறைக்கு மேலே, வலை எறியும் கருவி. இடது கைக்குக் கிடையாது. ஒரு கைக்கு வாங்கவே காசு இருந்தது போல.

வலை என்பது பெரும்பாலும் வெள்ளைக் கயிறு. சில சமயம் மீன்வலை மாதிரி ஒன்று வந்து திருடர்கள் மேல் விழும். அவர்களும் பொறுமையாக அதற்குள் நின்றுகொள்வார்கள்.

*

இந்தத் தொடரைப் பற்றிப் பேசும் யாரும் முதலில் சொல்வது பணம். பட்ஜெட் இல்லை, அந்தக் காலத்துத் தொழில்நுட்பம் அவ்வளவுதான், பாவம் என்ன செய்வார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை.

1962 ஆகஸ்ட் தேதியிட்ட 'அமேசிங் ஃபேன்டஸி' 15ஆம் இதழில் ஸ்பைடர்மேன் பிறந்தான். ஸ்டான் லீ எழுத்து, ஸ்டீவ் டிட்கோ ஓவியம். இதழின் விலை 12 சென்ட். கதை மொத்தம் 11 பக்கம். அந்தப் 11 பக்கத்துக்குள் பள்ளியில் எல்லோரும் கேலி செய்யும் ஒரு பையன் வருகிறான். சிலந்தி கடிக்கிறது. சக்தி வந்ததும் அதை வைத்துக் காசு பண்ணலாம் என்றுதான் அவனுக்குத் தோன்றுகிறது. தன் கண் முன்னால் ஓடும் ஒரு திருடனை, எனக்கென்ன என்று விட்டுவிடுகிறான். அதே திருடன் பிறகு அவனை வளர்த்த பெரியப்பா பென்னைக் கொன்றுவிடுகிறான். கதை முடிந்தது. அறுபது வருடமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பாத்திரத்துக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருக்கிறது.

இந்தப் பதினொரு பக்கத்தைப் படமாக்க என்ன செலவாகும்? கூடத்தில் ஒரு நாற்காலி, இரண்டு வயதான நடிகர்கள், கதவைத் தட்ட ஒரு போலீஸ்காரர். ஒரு நாள் படப்பிடிப்பு. ஒன்றரை மணி நேரம் கையில் இருந்தும் சிபிஎஸ் படத்தில் பெரியப்பா பென்னின் சாவு இல்லை. விட்டுவிடப்பட்ட திருடன் இல்லை. குற்ற உணர்வு என்ற பேச்சே இல்லை. மே பெரியம்மா முதல் படத்தில் எட்டிப் பார்க்கிறார், பிறகு ஒரே ஒரு பகுதியில் வேறொரு நடிகையின் முகத்தோடு வருகிறார். அவ்வளவுதான் குடும்பம்.

அப்படியானால் இந்த பீட்டர் எதற்காக முகமூடி போடுகிறான்? டெய்லி பியூகிள் பத்திரிகைக்குப் படம் விற்க வேண்டும். சுவரேறும் ஆள் ஒருவன் இருப்பதாக ஊரில் பேச்சு. அவன் படம் தருகிறேன் என்று ஆசிரியர் ஜேம்சனிடம் சொல்லியாகிவிட்டது. எனவே ஆடை தைக்கிறான். வேலை தேடும் பட்டதாரியின் கதை என்று பார்த்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. யாருக்கும் புரியும் கஷ்டம்தான். ஆனால் அதையும் தொடரவில்லை. அடுத்த பகுதிகளில் வாடகை பாக்கி, கிழிந்த ஆடை, பரீட்சைக்கு நேரமில்லை என்பதெல்லாம் காணாமல் போகின்றன. செலவில்லாத சமாச்சாரங்களை ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, செலவு பிடிக்கும் ஒன்றை மட்டும், அதாவது சுவரேறுவதை மட்டும், இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். கையில் காசில்லாதவன் பட்டு வேட்டி மட்டும் வாங்கிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன கதை.

*

முகமூடி போட்டதும் அவன் பேசுவதில்லை.

இதைக் கவனிக்கக் கொஞ்ச நேரமாகும். கவனித்த பிறகு வேறெதையும் பார்க்க முடியாது. காமிக்ஸில் ஸ்பைடர்மேன் வாயை மூடுவதே கிடையாது. அடி வாங்கும்போதும் நக்கல், அந்தரத்தில் தொங்கும்போதும் நக்கல். பள்ளியில் வாய் திறக்காத பையனுக்கு முகமூடிக்குள் பேச்சு வருகிறது என்பதுதான் அந்தப் பாத்திரத்தின் அழகு. பேச்சு இலவசம் வேறு. முகமூடி முகத்தை மூடியிருப்பதால் உதட்டசைவு கூடப் பார்க்க வேண்டாம். படப்பிடிப்பு முடிந்து ஒரு மாதம் கழித்துக் குரல் பதிந்து ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே டப்பிங் செய்யச் சுலபமான கதாநாயகன்.

அவனை ஊமையாக்கினார்கள். ஆடைக்குள் பெரும்பாலும் இருந்தது சண்டைக் கலைஞர். நடிகர் வேறு எங்கோ. ஆடைக்குள் இருப்பவர் வருவார், ஏறுவார், தள்ளுவார், போவார்.

*

சண்டைகளைப் பற்றி. பைரனுக்கு மரவாள் ஏந்திய மூன்று காவலர்கள். ஸ்பைடர்மேன் அவர்களை அடிக்கிற மாதிரி இல்லை. கூட்ட நெரிசலில் வழி விடுங்கள் என்று நகர்த்துகிற மாதிரி இருக்கிறது.

*

அதே சிபிஎஸ், அதே 1977. நவம்பர் மாதம் 'தி இன்கிரெடிபிள் ஹல்க்' படம் வந்தது. அடுத்த மார்ச்சில் அதுவும் தொடராகி 1982 வரை ஓடியது. ஒரே நிறுவனத்தின் காமிக்ஸ், ஒரே தொலைக்காட்சி, கிட்டத்தட்ட ஒரே காலம். ஹல்க்குக்கும் பணம் கொட்டவில்லை. உடற்பயிற்சி வீரர் லூ ஃபெரிக்னோவுக்குப் பச்சைச் சாயம் பூசி, தலையில் ஒரு டோப்பா வைத்தார்கள். ஒரு பகுதிக்கு இரண்டு முறை அவர் வருவார், கதவை உடைப்பார், ஓடுவார். செலவைக் கணக்கு பார்த்து வைத்த இரண்டு முறை என்பது பார்த்தாலே தெரியும்.

தயாரித்து எழுதிய கென்னத் ஜான்சனுக்கு சூப்பர்ஹீரோ என்ற வகையே பிடிக்காது. அப்போது அவர் விக்டர் ஹ்யூகோவின் 'லே மிசராப்ளே' படித்துக்கொண்டிருந்தார். துரத்தப்படும் மனிதன், விடாமல் துரத்தும் ஒருவன் என்ற சட்டகத்தை அதிலிருந்து எடுத்து ஹல்க் மேல் வைத்தார். துரத்துகிறவன் போலீஸ் அல்ல, ஜாக் மெக்கீ என்ற பத்திரிகையாளன். விஞ்ஞானியின் பெயர் ப்ரூஸ் பேனர் என்றிருந்ததை டேவிட் என்று மாற்றினார். இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்குவது காமிக்ஸ்தனமாக இருக்கிறதாம். ஹல்க்கின் பச்சையைச் சிவப்பாக்கக்கூடப் பார்த்தார், ஸ்டான் லீ விடவில்லை.

காமிக்ஸுக்கு இதைவிடத் துரோகம் செய்ய முடியாது. ஆனால் படத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். கார் கவிழ்கிறது. உள்ளே மனைவி. பேனரால் காரைத் தூக்க முடியவில்லை, அவள் இறந்துபோகிறாள். தன்னைப் போன்ற சாதாரண ஆட்கள் ஆபத்து நேரத்தில் வண்டியைத் தூக்கிப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்கள், எனக்கு மட்டும் ஏன் அந்த வலு வரவில்லை என்று ஆராய்ச்சி செய்கிறார். அதில்தான் காமா கதிர் அளவுக்கு மீறிப் போகிறது. முதல் முறை அவர் ஹல்க்காக மாறுவது எந்த வில்லனாலும் அல்ல. கொட்டும் மழையில் பஞ்சரான டயரை மாற்றும்போது கை சறுக்கி அடிபடுவதால். டயர் மாற்றத் தெரியாமல் மழையில் நனைந்த எவனுக்கும் அந்தக் காட்சி விளங்கும்.

பெரியப்பா பென்னின் இடத்தில் ஜான்சன் ஒரு மனைவியை வைத்தார் என்று சொல்லலாம். ஸ்பைடர்மேனிடமிருந்து எடுக்கப்பட்ட குற்ற உணர்வு பக்கத்துத் தொடருக்கு இடம் மாறிவிட்டது.

இன்னொன்று. காமிக்ஸில் ஹல்க் பேசுவான். தொடரில் உறுமல் மட்டும். அங்கே ஊமையாக்கியது பலித்தது. பேச்சிழந்த கோபம் என்பது பார்ப்பவர்களைத் தொட்டது. இங்கே பலிக்கவில்லை. யாரை ஊமையாக்கலாம், யாரை ஆக்கக்கூடாது என்பதற்குப் பாத்திரத்தைத் தெரிந்திருக்க வேண்டும்.

பேனராக பில் பிக்ஸ்பி இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் பையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் வண்டிக்குக் கை காட்டுவார், ஜோ ஹார்னெலின் பியானோ தனியாக ஒலிக்கும். நடிகருக்கு ஒரு சாலை, ஒரு பை, ஒரு பியானோ. இதைவிடச் சிக்கனமாக ஒரு முடிவுக் காட்சி எடுக்க முடியாது.

*

ரசிகர்களின் வழக்கமான புலம்பல்: காமிக்ஸ் வில்லன்கள் ஒருவர் கூட இல்லை. கிரீன் காப்ளின் இல்லை, டாக்டர் ஆக்டபஸ் இல்லை, பல்லி இல்லை. உண்மைதான். பதிலாக வருவது ஆயுத வியாபாரி, மோசடிக்காரன், மனசக்தியால் பொருட்களை நகர்த்தும் ஒரு மதக்கூட்டத் தலைவன். கோட்டு சூட்டுப் போட்ட ஆட்கள்தான் வரிசையாக வருகிறார்கள்.

ஆனால் ஹல்க் தொடரிலும் காமிக்ஸ் வில்லன் ஒருவர்கூடக் கிடையாது. அங்கே யாரும் கேட்பதில்லை.

*

தொடரில் உருப்படியான பகுதி எது என்று என்னைக் கேட்டால் 'நைட் ஆஃப் தி குளோன்ஸ்' என்பேன். ஒரு விஞ்ஞானி பீட்டரின் நகலை உருவாக்கிவிடுகிறார். அதே முகம், அதே சக்தி, மனசாட்சி மட்டும் மிஸ்ஸிங். மே பெரியம்மா தலைகாட்டும் பகுதியும் இதுதான் என்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். வீட்டு மனுஷி ஒருவர் வந்ததும் ஆபத்துக்கு அர்த்தம் வருகிறது. நகல் போய் அவர் எதிரில் நின்றால் என்ன ஆகும் என்று நமக்குப் பதறுகிறது.

இரட்டை வேடம். நம் சினிமாக்காரர்களிடம் கேட்டிருந்தால் அரை நூற்றாண்டு அனுபவத்தோடு வந்து சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஒரு நடிகர், இரண்டு ஆடை, நடுவில் ஒரு தூண். பீட்டராக வரும் நிக்கலஸ் ஹாமண்டுக்கு நடிக்க வேலை கிடைத்த பகுதி. கெட்டவனாக வரும்போது தோளை வேறு மாதிரி வைத்துக்கொள்கிறார். ஓ, இவருக்கு நடிக்கத் தெரியும் என்று அப்போதுதான் உறைக்கிறது. தெரியாமல் என்ன? 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தில் வான் டிராப் பிள்ளைகளில் ஃப்ரெட்ரிக் அவர்தானே.

*

ஃப்ரெட் வா.

இந்தப் பெயரைத் தொடரின் ரசிகர்களைத் தவிர யாரும் சொல்வதில்லை. சண்டைப் பயிற்சியாளர், ஆடைக்குள் இருந்து சுவரேறியவர். கணினி வரைகலை கிடையாது. கட்டடத்தின் உச்சியிலிருந்து கம்பி இறங்கும், அது அவர் உடம்பில் பிணைக்கப்பட்டிருக்கும், மேலேயிருந்து இழுப்பார்கள், அவர் கையையும் காலையும் சுவரில் வைத்து வைத்து ஏறுகிற மாதிரி செய்வார். கை காலின் தாளமும் இழுவையின் தாளமும் சில இடங்களில் ஒத்துப்போவதில்லை. அப்போது ஏறுகிறவர் போல் தெரியமாட்டார், லிஃப்டில் போகிறவர் போலத் தெரிவார்.

ஆனாலும் அது நிஜச் சுவர். நிஜ உயரம். கீழே தெரிவது நிஜத் தெரு, அதில் நிஜக் கார்கள். ஒரு மனிதன் அங்கே தொங்கிக்கொண்டிருக்கிறான். இன்றைய ஸ்பைடர்மேன் படங்களில் நாயகன் நூறு மாடிக்கு மேல் பறக்கும்போது என் வயிற்றில் ஒன்றும் ஆவதில்லை. இந்தக் கலங்கிய பிரதியில், பத்து மாடி உயரத்தில் ஒரு ஆள் மூலையைத் திரும்பும்போது உள்ளங்கை வேர்க்கிறது. தலைக்கவசத்தில் கேமராவைப் பொருத்திக்கொண்டு ஏறுகிற முறையையும் வா உருவாக்கினார். ஏறுகிறவன் கண்ணில் தெரு எப்படித் தெரியும் என்று காட்டும் அந்தச் சில நொடிகள்தான் தொடரிலேயே ஸ்பைடர்மேனாக இருப்பது என்றால் என்ன என்பதைத் தொடுகின்றன.

அதே ஏறும் காட்சிகளைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை. உயிரைக் கொடுத்து எடுத்ததை ஒரு முறை மட்டும் காட்டினால் கட்டுப்படியாகாது.

பீட்டர் சாதாரண உடையில், ஒட்டவைத்த பின்னணிக்கு முன்னால் ஏறும் காட்சிகள் வேறு ரகம். அவற்றைப் பற்றி எழுதாமல் விடுவதே மரியாதை.

*

நியூயார்க் என்று சொல்கிறார்கள். பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலிஸ். தெருக்கள் அகலம், வெயில் அதிகம், கட்டடங்கள் குள்ளம். வலை வீசி ஊஞ்சலாட வேண்டியவனை, ஊஞ்சல் கட்ட மரமில்லாத ஊரில் கொண்டுபோய் விட்டால் அவன் நடந்துதான் போவான். பல சமயம் நடந்துதான் போகிறான்.

*

சிக்கனம் என்றால் எனக்கு 1967 கார்ட்டூன்தான் நினைவுக்கு வரும். ஏபிசி தொலைக்காட்சியில் 1970 வரை ஓடியது. உடம்பு முழுக்க வலைக்கோடு வரைந்தால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் நேரமாகும் என்று முகமூடி, கையுறை, காலணி போன்ற இடங்களில் மட்டும் கோடு போட்டார்கள், மீதியை வெறுமனே விட்டார்கள். ஊஞ்சலாடும் காட்சியில் வலையின் மறுமுனை எதில் ஒட்டியிருக்கிறது என்று கேட்கக்கூடாது; வானத்தில்தான். ஒரே ஓவியத்தை எத்தனை முறை போட்டார்கள் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆனால் அந்த ஸ்பைடர்மேன் ஓயாமல் பேசினான், கிண்டலடித்தான். தலைப்புப் பாடல் ஊரெல்லாம் பரவியது. சிபிஎஸ் தொடரைவிடக் குறைந்த காசில் செய்த அது ஆளைச் சரியாகப் பிடித்துவிட்டது.

*

அந்தக் காலத்தில் சிபிஎஸ்ஸுக்கு வந்த மற்ற இரண்டு காமிக்ஸ் நாயகர்களையும் ஒரு வரியில் கடந்துவிடலாம். 1978 செப்டம்பரில் சிபிஎஸ்ஸில் டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் தொலைக்காட்சிப் படம்: மெதுவானது, ஆனால் மார்கன் லெ ஃபேயாக வரும் ஜெசிகா வால்டர் பார்க்கத் தகுந்தவர், தொடராகவில்லை. 1979இல் கேப்டன் அமெரிக்கா இரண்டு முறை: ரெப் பிரவுன், தலையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், கையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கேடயம். இரண்டாவது படத்தில் வில்லன் கிறிஸ்டோபர் லீ. டிராகுலாவாக உலகை நடுங்க வைத்தவரை அந்தக் கேடயத்துக்கு எதிரில் நிறுத்தினார்கள்.

*

தமிழில் லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு ஸ்பைடர் என்றால் வேறு ஆள். கூர்காது, கறுப்பு உடை, வலைத் துப்பாக்கி, குற்றச் சக்கரவர்த்தியாகத் தொடங்கியவன். 1965இல் பிரிட்டனின் 'லயன்' இதழில் பிறந்தவன். அந்தக் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவர். சூப்பர்மேனின் உரிமையைச் சொற்பக் காசுக்கு விற்றுவிட்டு, பிறகு பிழைப்புக்காகக் கடல் கடந்த இதழுக்கு எழுதிக்கொண்டிருந்த மனிதர். சிவகாசியில் அச்சான அந்த ஸ்பைடருக்குத் தற்பெருமை தாங்காது, பேசிக்கொண்டே இருப்பான். வலைக்காரர்களுக்கு வாய்தான் முக்கியம் என்பது எங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

*

ஜப்பானுக்குப் போக வேண்டும்.

ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெலும் ஜப்பானின் டோயி நிறுவனமும் ஒருவர் பாத்திரத்தை மற்றவர் பயன்படுத்தலாம் என்று ஓர் ஒப்பந்தம் போட்டன. அதில் பிறந்ததுதான் 1978 மே 17 அன்று தொடங்கிய ஜப்பானிய ஸ்பைடர்மேன். 41 பகுதிகள். சிபிஎஸ் தொடர் தட்டுத்தடுமாறி 13 எடுத்த அதே காலத்தில்.

பீட்டர் பார்க்கர் கிடையாது. டாகுயா யாமாஷிரோ என்ற மோட்டார் சைக்கிள் பந்தய வீரன். சிலந்தி கடிக்கவில்லை. சிலந்தி கிரகத்திலிருந்து வந்த கடைசி வீரன் தன் ரத்தத்தையும் ஒரு கைவளையத்தையும் தருகிறான். கூடவே ஒரு விண்கலம். அது லியோபார்டான் என்ற ராட்சத ரோபோவாக மாறும். ஸ்பைடர்மேனுக்கு ரோபோ எதற்கு? விளையாட்டுப் பொருள் விற்பதற்கு. இதில் ஒளிவுமறைவே இல்லை, ரோபோ பொம்மை நன்றாக விற்றது.

இதுவும் மலிவான தயாரிப்புதான். ரப்பர் ராட்சதர்கள், பொம்மைக் கட்டடங்கள். லியோபார்டான் உடை ஆரம்பத்திலேயே காணாமல் போய்விட, எடுத்து வைத்திருந்த காட்சிகளையே வாராவாரம் போட்டு ஓட்டினார்கள். ஒவ்வொரு ராட்சதனும் ஏறக்குறைய ஒரே வெட்டில் சாவதற்கு அதுதான் காரணம்.

இருந்தும் அதைப் பார்க்கும்போது கூச்சம் வருவதில்லை. ஆடைக்குள் இருக்கும் ஹிரோஃபுமி கோகா தரையோடு தரையாகப் பதுங்குகிறார், விரல்களை விரிக்கிறார், மூலையிலிருந்து தலையை நீட்டுகிறார். சிலந்தி எப்படி இருக்கும் என்று யோசித்த உடம்பு அது. எதிரிகள் முன்னால் நின்று தன்னைத்தானே அறிவித்துக்கொள்கிறான், ஒவ்வொரு வாரமும் புதுப்புது பட்டத்தோடு. வாய் இருக்கிறது. முக்கியமாக, முதல் பகுதியிலேயே டாகுயாவின் அப்பா கொல்லப்படுகிறார். ரோபோவும் வேற்றுக்கிரகமும் சேர்த்துக் கதையை அடையாளம் தெரியாமல் மாற்றியவர்கள் அந்தச் சாவை விடவில்லை. நேரடியாகக் காமிக்ஸிலிருந்து எடுத்தோம் என்று சொன்னவர்கள் விட்டுவிட்டார்கள்.

ஸ்டான் லீ இந்த ஜப்பானிய வடிவத்தைப் பாராட்டிப் பேசியிருக்கிறார். தான் ஆலோசகராக இருந்த அமெரிக்கத் தொடரைப் பற்றி அவர் சலித்துக்கொண்டதும் எல்லோருக்கும் தெரியும். ரொம்பச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கிறது என்பது அவர் குறை. ராட்சத ரோபோ வைத்த தொடரைவிட இது சிறுபிள்ளைத்தனம் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

லியோபார்டானின் வெற்றி அடுத்த ஆண்டு 'பேட்டில் ஃபீவர் ஜே' தொடருக்கு ரோபோ கொடுத்தது. அங்கிருந்து, அது சேர்ந்த சூப்பர் சென்டாய் என்ற நாயகர் குழுத் தொடர் வரிசை முழுக்க ரோபோ இல்லாமல் இல்லை. அந்த வரிசையிலிருந்து அமெரிக்காவுக்குப் போனதுதான் பவர் ரேஞ்சர்ஸ். தவறான ஸ்பைடர்மேனுக்குப் பிள்ளை குட்டி, பேரன் பேத்தி என்று வம்சம் விளங்கியது. சரியான ஆடை போட்டவருக்கு வாரிசு இல்லை.

*

வெளிநாடுகளில் சிபிஎஸ் தொடரைத் திரையரங்கில் காட்டினார்கள். முதல் படம் ஒன்று. 'தி டெட்லி டஸ்ட்' என்ற இரண்டு பகுதிகளை ஒட்டி 'ஸ்பைடர்மேன் ஸ்ட்ரைக்ஸ் பேக்'. ஹாங்காங் பகுதியை 'தி டிராகன்ஸ் சேலஞ்ச்' என்று 1981இல். சின்னப் பெட்டிக்காக எடுத்ததை ஐம்பதடித் திரையில். கம்பி என்ன, கம்பியின் முடிச்சுகூடத் தெரிந்திருக்கும். 1978 டிசம்பரில் கிறிஸ்டோபர் ரீவ் சூப்பர்மேனாகப் பறந்துகாட்டிய பிறகும் இதை டிக்கெட் போட்டு விற்ற துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை.

'தி டெட்லி டஸ்ட்' கதையில் மாணவர்கள் சிலர் புளூட்டோனியத்தைத் திருடி, அணு ஆபத்தை உணர்த்தத் தாங்களே குண்டு செய்கிறார்கள். எழுபதுகளின் உண்மையான பயம். ஒரு நல்ல படம் அதற்குள் இருக்கிறது. ஸ்பைடர்மேன் வந்து கெடுக்கிறான்.

*

ஏன் நிறுத்தினார்கள்? பார்வையாளர் எண்ணிக்கை மோசமில்லை. ஆனால் பார்த்தவர்களில் குழந்தைகள் அதிகம். விளம்பரதாரர்கள் தேடியது பொருள் வாங்கும் வயதுவந்தவர்களை. இரண்டாவது, அப்போது ஹல்க், வொண்டர் வுமன், ஸ்பைடர்மேன் எல்லாம் ஒரே சிபிஎஸ்ஸில். சூப்பர்ஹீரோ சேனல் என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்று அவர்களுக்கு வெட்கம். இன்று ஒரு நிறுவனம் அந்தப் பெயரை வாங்க எத்தனை ஆயிரம் கோடி கொட்டும் என்பதை அன்றைய அதிகாரிகளிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

இந்த வெட்கம் தொடர் முழுக்கத் தெரிகிறது. காமிக்ஸைக் கையில் எடுத்தவர்களுக்குக் காமிக்ஸ் மேல் கூச்சம். வில்லன்களுக்கு வேடம் போடக் கூச்சம், நாயகன் நக்கலடிக்கக் கூச்சம், அழக் கூச்சம். சாதாரண துப்பறியும் தொடர் ஒன்றை எடுத்துவிட்டு, பகுதிக்கு இரண்டு இடத்தில் சிவப்பு நீல ஆடையை விட்டார்கள். ஜான்சனுக்கும் கூச்சம் இருந்தது. ஆனால் அவர் அந்தக் கூச்சத்தை எடுத்துக்கொண்டு ஹ்யூகோவிடம் போனார். இவர்கள் எங்கும் போகவில்லை.

*

ஜேம்சன். முதல் படத்தில் டேவிட் வைட், தொடரில் ராபர்ட் எஃப். சைமன். காமிக்ஸில் நெருப்புப் பறக்கும் ஆசிரியர். ஸ்பைடர்மேன் மேல் அவருக்கு இருக்கும் வெறுப்பே பாதிக் கதையை ஓட்டும். சைமனின் ஜேம்சன் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடும் தாத்தா மாதிரி. இவர் திட்டினால் ஆறுதலாக இருக்கிறது. செயலாளர் ரீட்டாவாக வரும் சிப் ஃபீல்ட்ஸ் அவரைவிடக் கூர்மை; அவருக்கு இன்னும் நாலு வசனம் கொடுத்திருக்கலாம். மைக்கேல் பட்டாகியின் போலீஸ் கேப்டன் பார்பெரா எப்போதும் எதையோ தின்றுகொண்டே விசாரிக்க வந்தவர் போல எரிச்சலாக இருப்பார், எனக்குப் பிடிக்கும். இரண்டாவது தவணையில் அவரை எடுத்துவிட்டு, போட்டிப் பத்திரிகையின் புகைப்படக்காரி ஜூலி மாஸ்டர்ஸைக் கொண்டுவந்தார்கள். எலன் பிரை. காதல் என்று சொல்லமாட்டார்கள், இல்லை என்றும் சொல்லமாட்டார்கள்.

*

ஹாமண்டின் பீட்டர் பற்றி ஒரு நல்ல வார்த்தை. அவர் பாத்திரத்தைக் கேலி செய்யவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் ஆடம் வெஸ்ட் பேட்மேனைக் கண்ணடித்துக்கொண்டே நடித்து வென்றிருந்தார். அந்த வழி திறந்தே கிடந்தது. ஹாமண்ட் அதில் போகவில்லை. மென்மையான குரல், கொஞ்சம் களைத்த முகம், முனைவர் பட்டத்தை முடிக்காமல் இழுத்துக்கொண்டிருக்கும் மாணவனின் பவ்யம். அழ ஒரு பெரியப்பாவையும் பேச நாலு வரியையும் கொடுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று தோன்றுகிறது. பிற்பாடு ஆஸ்திரேலியாவில் குடியேறி மேடையிலும் திரையிலும் நிறைய நடித்தார். 2019இல் டாரன்டினோவின் 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் ஹாலிவுட்' படத்தில் தொலைக்காட்சித் தொடர் இயக்கும் சாம் வானமேக்கராக வருகிறார். டிவி நடிகனிடமிருந்து கொஞ்சம் கலையைக் கறந்துவிட முடியும் என்று நம்பும் இயக்குநர் பாத்திரம். அவரைப் போன்ற ஒருவர் 1978இல் சிபிஎஸ் பக்கம் வந்திருக்கலாம்.

*

கடைசிப் பகுதி 'தி சைனீஸ் வெப்', 1979 ஜூலை 6. ஜேம்சனின் பழைய நண்பர் மின் லோ சான், உலகப் போர்க் காலத்தில் தேசத்துரோகம் செய்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட சீன அதிகாரி. அவர் நிரபராதி என்று சாட்சி சொல்லக்கூடிய பழைய அமெரிக்கப் படைவீரரைத் தேட வேண்டும். கதை ஹாங்காங் போகிறது. நிஜ ஹாங்காங். உயரமான கட்டடங்கள், நெருக்கமான தெருக்கள், துறைமுகம். லாஸ் ஏஞ்சலிஸில் கிடைக்காத ஊர், ஊஞ்சலாடப் பொருத்தமான ஊர், தொடர் மூடும் நேரத்தில் கிடைத்தது.

இருநூறு மைல் விமானம் ஏறக்கூட யோசித்த தயாரிப்பு, கண்டம் தாண்டிப் போயிருக்கிறது. போய் என்ன எடுத்தார்கள்? படகு, சந்தை, மலையுச்சி, திரும்பவும் படகு. சுற்றுலாத் துறைப் படம் என்று நினைத்து நான் பாதியில் எழுந்து டீ போடப் போனேன். திரும்பி வந்தபோதும் படகுதான் ஓடிக்கொண்டிருந்தது.